இரண்டாவதாக வந்தவர்



ஆண்டின் முதல் தவணையில் நம் பாடசாலைகள் எங்கும் இல்ல விளையாட்டுப் போட்டிகள் களைகட்டுவதை நீங்கள் அறிவீர்கள். சுண்ணாம்புக் கோடுகள் இட்ட மைதானம், வர்ணக் கொடிகள், இல்லங்களின் அலங்காரப் பந்தல்கள், ஒலிபெருக்கியின் இடைவிடாத அறிவிப்புகள் என்று அந்த நாள் ஊருக்கே ஒரு திருவிழாவாகிவிடும். சில ஆண்டுகளுக்கு முன் மலையகத்தில் அத்தகைய போட்டியொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவன் நூறு மீற்றர் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தான். மூச்சிரைக்கத் தன் தந்தையிடம் ஓடிவந்து கழுத்திலிருந்த பதக்கத்தைத் தூக்கிக் காட்டினான். தந்தை அதைக் கையில் வாங்கவில்லை. முதலாவதாக வந்தவன் யாருடைய பிள்ளை என்று மட்டும் விசாரித்தார். சற்று நேரத்தின் பின் அந்தப் பிள்ளை பதக்கத்தைக் கழற்றிக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டதைக் கண்டேன்.

அந்தத் தந்தையைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. நம்மில் பலர் அவராக இருந்திருக்கிறோம். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறு வெளிவரும் நாளில் நம் வீடுகளில் நடப்பதும் இதுதானே! ஆனால் அந்தச் சிறுவனின் முகத்தைப் பார்த்தபோது, அதே மலைநாட்டில் படித்து, ஓடிப் பழகி, உலக அரங்கில் இரண்டாவதாக வந்த ஒரு மனிதரின் வாழ்க்கை என் நினைவுக்கு வந்தது. அவர் பெயர் டங்கன் வைட். இலங்கைக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தைப் பெற்றுத் தந்தவர். அவருடைய கதையை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

டங்கன் வைட் 1918ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதலாம் திகதி களுத்துறைக்கு அண்மையிலுள்ள லத்பந்துர என்னும் ஊரில் பிறந்தார். கல்வி கற்றது கண்டி திரித்துவக் கல்லூரியில். அங்கிலிக்கன் திருச்சபையின் மிஷனரிமார் 1872இல் நிறுவிய கல்லூரி அது. கண்டி நகரை நீங்கள் அறிவீர்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், நான்கு புறமும் குன்றுகள் சூழ, நடுவில் ஏரியோடு அமைந்த நகரம். அங்கே சமதரை என்பது எளிதில் கிடைக்காத ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்லூரியின் அதிபராயிருந்த அருட்திரு பிரேசர் அவர்கள், மாணவர் விளையாடுவதற்கென அஸ்கிரியவில் ஒரு குன்றின் சரிவை வெட்டி, மண்ணை அள்ளிச் சமப்படுத்தி, மைதானம் ஒன்றை உருவாக்கினார். 1983 முதல் சர்வதேச டெஸ்ட் கிரிக்கெட் போட்டிகள் நடைபெற்ற அதே மைதானம்தான். ஒரு மலையைக் குடைந்தெடுத்துப் பிள்ளைகளுக்கு ஓட இடம் கொடுத்த அந்த மனிதரை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும். அந்த அதிபரின் காலத்துக்குப் பின்னர் அக்கல்லூரிக்கு வந்து, அது கொடுத்த ஓட்டப் பயிற்சியில் வளர்ந்தவரே வைட்.

அவர் பேர் பெற்றது 400 மீற்றர் தடைதாண்டல் ஓட்டத்தில். ஓட்டப் போட்டிகளில் இதைவிடக் கொடியது வேறில்லை என்று ஓட்டவீரர்களே சொல்வதுண்டு. மைதானத்தை ஒரு முழுச் சுற்று சுற்றிவர வேண்டும். வழியில் மூன்று அடி உயரமுள்ள பத்துத் தடைகள். முதலாவது தடை 45 மீற்றர் தூரத்தில் நிற்கும். அதன் பின் 35 மீற்றருக்கு ஒன்று. பத்தாவது தடையைத் தாண்டிய பிறகும் இன்னும் 40 மீற்றர் ஓடியாக வேண்டும். வேகம் மட்டும் இருந்தால் போதாது. ஒரு தடைக்கும் அடுத்த தடைக்கும் இடையில் இத்தனை காலடிகள் என்று கணக்கு வைத்து ஓட வேண்டும். அக்காலத்தில் பெரும்பாலோர் பதினைந்து காலடிகளில் ஓடினார்கள். பாதி ஓட்டத்துக்குப் பின் கால்கள் சோர்ந்து ஓரடி கூடிவிட்டால், வழக்கமாகத் தூக்கும் கால் மாறிப்போகும். தடை முழங்காலை இடிக்கும். மூச்சு முட்டும் வேளையிலும் கணக்குத் தப்பாமல் ஓடுகிறவனே அதில் நிலைத்து நிற்பான்.

இங்கே கல்லூரியின் சிற்றாலயத்தைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். கண்டி அரசர்களின் மண்டபத்தைப் போலச் செதுக்கிய கற்றூண்களோடு எழுந்த ஆலயம் அது. அதன் சுவர்களில் டேவிட் பெயின்டர் என்னும் ஓவியர் நற்செய்திக் காட்சிகளை நம் நாட்டு மனிதரின் நிறத்திலும் சாயலிலும் வரைந்திருக்கிறார். 1928இல் அவர் வரைந்த ஓவியத்தில் ஒரு தாய் இயேசுவின் முன் நிற்கிறார். செபதேயுவின் மனைவி, யாக்கோபு, யோவான் என்னும் இருவரின் அன்னை. ஆண்டவருடைய ஆட்சியில் தன் புதல்வர் இருவரும் அவருடைய வலப்புறத்திலும் இடப்புறத்திலும் அமர வேண்டும் என்று கேட்க வந்தவர். முதலிடத்தையும் இரண்டாம் இடத்தையும் ஒரே வீட்டுக்குக் கேட்ட தாய் என்று சொல்லலாம். 1930களில் அக்கல்லூரியில் பயின்ற மாணவர்களின் கண்முன் இந்தச் சித்திரம் இருந்தது. அதைப் பார்த்து வைட் என்ன எண்ணினார் என்பதை நான் இட்டுக்கட்டிச் சொல்லப்போவதில்லை. சித்திரம் அங்கே இருந்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு வருவோம்.

1938ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் பிரித்தானியப் பேரரசு விளையாட்டு விழா நடைபெற்றது. இலங்கையும் ஓர் அணியை அனுப்பியது. அந்த அணியில் வைட்டும் இருந்தார். அவருக்கு இருபது வயது இன்னும் நிறையவில்லை. கொழும்பிலிருந்து சிட்னிக்குக் கடல்வழியே செல்ல அந்நாளில் இரண்டு வாரங்களுக்கு மேலாகும். கப்பற் பயணம் ஓட்டவீரனுக்கு எப்படிப்பட்ட சோதனை என்பதை இன்றைய விமானப் பயணிகளால் ஊகிக்க முடியாது. நாட்கணக்காகக் கால்கள் உறுதியான நிலத்தைத் தொடாது. ஆடுகின்ற மேற்றளத்தில் ஓடிப் பார்க்கலாம். ஆனால் அங்கே தடைகளை நிறுத்தி வைக்க இடமேது? உண்டதெல்லாம் உடம்பில் எடையாய்ச் சேரும். கரையிறங்கியதும் நிலமே அசைவது போலிருக்கும். அந்தக் கால்களோடுதான் களத்தில் இறங்க வேண்டும். இத்தனைக்கும் கூலி கிடையாது. பரிசுப்பணமோ சம்பளமோ வாங்கிய ஒருவன் ஒலிம்பிக்கிலும் பேரரசு விளையாட்டிலும் கால்வைக்க முடியாது என்பது அன்றைய சட்டம். வேலையை விட்டு, விடுமுறை கேட்டு, வீட்டாரைப் பிரிந்து, ஒரு நிமிடத்துக்கும் குறைந்த ஓட்டத்துக்காக உலகத்தின் பாதியைக் கடந்து போனார்கள். சிட்னியில் வைட்டுக்குப் பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை. வந்த வழியே அத்தனை கடலையும் கடந்து திரும்ப வேண்டியதாயிற்று.

அவருக்கு இருபது வயது. ஓர் ஓட்டவீரனின் நல்ல பருவம் அதற்குப் பிறகுதானே வருகிறது! ஆனால் 1939 செப்டெம்பரில் போர் மூண்டது. 1940இன் ஒலிம்பிக் முதலில் தோக்கியோவுக்கும் பின்னர் ஹெல்சிங்கிக்கும் என்று இருந்து, ஈற்றில் நடைபெறாமலே போயிற்று. 1944இல் லண்டனில் நடக்கவிருந்ததும் நடக்கவில்லை. 1942ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா ஞாயிறு காலையில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பின் மீது குண்டு வீசியதை நம் முதியோர் தம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைகளின் தலைமையகத்தைப் பேராதனைத் தாவரவியற் பூங்காவிலேயே அமைத்துக்கொண்டார். பூந்தோட்டம் போர்ப்பாசறையானது. அந்த ஆண்டுகளில் தடைதாண்டி ஓடுவதைப் பற்றி யார் நினைத்திருப்பார்கள்? வைட்டும் படைச்சேவையோடு தொடர்புகொண்டவர். பின்னாளில் மேஜர் டங்கன் வைட் என்றே அவரை அழைத்தார்கள்.

ஓட்டவீரனின் வாழ்வில் இருபது முதல் முப்பது வரையிலான பத்து ஆண்டுகள் விவசாயிக்கு மழைக்காலம் போன்றவை. அந்த மழைக்காலம் முழுவதும் வானம் பொய்த்துப்போனால் என்ன செய்வது? பலர் மைதானத்தை மறந்து வேறு வழியில் போனார்கள். அதில் தவறேதுமில்லை, குடும்பம் இருக்கிறது, வயிறு இருக்கிறது. போட்டி எப்போது வரும், வருமா என்பதே தெரியாமல் உடம்பைத் தயார்நிலையில் வைத்திருப்பது எப்படிப்பட்ட காரியம் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். பலன் கண்ணுக்குத் தெரியாத செபத்தைப் பல ஆண்டுகளாகத் தொடரும் தாய்மாருக்கு இது விளங்கும்.

புனித பவுலடியாரும் ஓட்டக்களத்தை அறிந்தவராகவே எழுதுகிறார். கொரிந்து நகரில் அவர் ஒன்றரை ஆண்டு தங்கியிருந்தார். அக்கிலா, பிரிஸ்கில்லா தம்பதியரோடு கூடாரம் செய்து பிழைத்தார். அந்நகருக்கு மிக அருகில் இஸ்த்மியா என்னும் இடத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெரும் விளையாட்டு விழா நடக்கும். வென்றவனுக்குக் கிடைப்பது தங்கமன்று. பைன் இலைகளாலோ உலர்ந்த செலரிக் கீரையாலோ முடைந்த ஒரு முடி. இரண்டாவதாக வந்தவனுக்கு அதுவும் இல்லை. கொரிந்தியருக்கு எழுதும்போது பவுல் வாடிப்போகும் அந்த முடியைத்தான் நினைவூட்டுகிறார். ஓடுகிறவர்கள் அதற்காக எவ்வளவு தன்னடக்கம் காக்கிறார்கள் என்றும் வியக்கிறார். அந்த வியப்பை நாம் கவனிப்பதில்லை. விளையாட்டை அவர் இழிவாகப் பேசவில்லை. கந்தல் இலைக்காக ஒருவன் தன் உடலை இத்தனை ஒடுக்கத்துக்கு உட்படுத்துவதைக் கண்டு, அவனிடம் கற்றுக்கொள்ளச் சொல்கிறார். மூன்று முறை கப்பற்சேதத்துக்கு உள்ளான அந்தப் பயணிக்குப் பயணத்தின் களைப்பும் தெரிந்திருந்தது.

1948 பெப்ரவரி 4ஆம் திகதி இலங்கை சுதந்திரம் பெற்றது. ஆறு மாதம் முடிவதற்குள், ஜூலை 29ஆம் திகதி, லண்டன் வெம்பிளி மைதானத்தில் ஆறாம் ஜோர்ஜ் மன்னர் ஒலிம்பிக் விழாவைத் தொடக்கி வைத்தார். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் நடந்த ஒலிம்பிக் அது. 59 நாடுகள் வந்திருந்தன. இலங்கை முதன்முறையாகத் தன் பெயரில் பங்குகொண்டது. அனுப்பப்பட்டவர்கள் ஏழே ஏழு பேர். அவர்களில் குத்துச்சண்டை வீரரும் இருந்தனர், மெய்வல்லுநரும் இருந்தனர்.

அந்த ஒலிம்பிக்கைச் சிக்கன ஒலிம்பிக் என்று வரலாறு சொல்கிறது. குண்டுவீச்சில் இடிந்த கட்டடங்கள் இன்னும் அப்படியே நின்ற நகரம் லண்டன். உணவுக்குப் பங்கீட்டு அட்டை. புதிய மைதானமோ, விளையாட்டுக் கிராமமோ கட்டப்படவில்லை. வீரர்களை விமானப்படை முகாம்களிலும் கல்லூரி விடுதிகளிலும் தங்க வைத்தார்கள். துவாயை வீட்டிலிருந்தே கொண்டுவரும்படி கேட்டுக்கொண்டார்கள். நாய்ப்பந்தயம் நடக்கும் மைதானத்தில் கரித்தூள் கொட்டி ஓடுபாதை இட்டார்கள். முதல் நாட்களில் சுட்டெரித்த வெயில், பின்னர் மழை. ஓட்டம் தொடங்கும்போது காலை ஊன்றுவதற்கான கட்டைகள் ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் பயன்பட்டதும் அங்கேதான். அதற்குமுன் ஒவ்வொருவரும் சிறு கரண்டியால் தரையில் குழி தோண்டித்தான் காலை வைப்பார்கள். முப்பது வயது வைட் அந்தக் குழிகளின் காலத்தில் ஓட்டம் பழகியவர்.

400 மீற்றர் தடைதாண்டலின் முதற்சுற்றும் அரையிறுதியும் ஜூலை 30ஆம் திகதி ஒரே நாளில் நடந்தன. இறுதி ஓட்டம் மறுநாள். இரண்டு நாட்களுக்குள் மூன்று முறை முப்பது தடைகள். இறுதிக்கு ஆறு பேர் மட்டுமே தேறினர். சின்னஞ்சிறு தீவொன்றிலிருந்து, ஒலிம்பிக்கில் ஒருபோதும் பெயர் பதித்திராத நாட்டிலிருந்து வந்த வைட் அந்த ஆறுபேரில் ஒருவர்.

ஜூலை 31. வெடி ஒலித்தது. அமெரிக்கரான ரோய் கொக்ரன் முன்னே சென்றார். இறுதிவரை அவரை எவரும் நெருங்கவில்லை. 51.1 செக்கனில் ஒலிம்பிக் சாதனையோடு எல்லையைக் கடந்தார். அவருக்குப் பின்னால் 51.8 செக்கனில் டங்கன் வைட். சுவீடன் நாட்டு ரூன் லார்சன் 52.2 செக்கனில் மூன்றாவதாக வந்தார். அந்த ஒலிம்பிக் தொடங்கும்வரை ஏட்டிலிருந்த சாதனை 52 செக்கன் என்பதை நினைவிற்கொள்ளுங்கள். வைட் ஓடிய ஓட்டம் அதனினும் விரைவானது. முந்தைய எந்த ஒலிம்பிக்கிலும் அந்த நேரம் ஏட்டுச் சாதனையாகியிருக்கும். அன்று அவருக்கு முன்னால் ஒருவர் இருந்தார்.

முன்னால் இருந்தவரின் கதையையும் கேளுங்கள். கொக்ரன் 1919இல் பிறந்தவர். வைட்டைவிட ஒரு வயது இளையவர். இந்தியானா பல்கலைக்கழகத்தில் படித்த காலத்திலேயே அமெரிக்காவின் தலைசிறந்த ஓட்டவீரர்களில் ஒருவர். அவருக்குரிய ஒலிம்பிக்குகளையும் போரே விழுங்கிற்று. கடற்படையில் சேர்ந்து பசிபிக் சமுத்திரத்தில் பணியாற்றினார். தங்கமும் வெள்ளியும் பெற்ற இருவருமே முப்பதை ஒட்டிய வயதினர். இருவருமே இழந்த பருவத்தின் கடைசி அறுவடையைப் பொறுக்கிக்கொண்டவர்கள். அதே வெம்பிளியில்தான் முப்பது வயதுடைய, இரண்டு பிள்ளைகளின் தாயான ஒல்லாந்து நாட்டு பான்னி பிளாங்கர்ஸ்-கூன் நான்கு தங்கப் பதக்கங்களை வென்றார். வீட்டிலிருந்து பிள்ளைகளைக் கவனிக்காமல் இவருக்கு ஏன் ஓட்டம் என்று ஏசியவர்கள் உண்டு. அவர் முதல் ஒலிம்பிக்கில் ஓடியது 1936இல். பன்னிரண்டு ஆண்டுக் காத்திருப்பு அவருக்கும்.

வைட்டின் பெயர் இலங்கை முழுவதும் பரவியது. 1949இல் பிரித்தானிய அரசின் எம்.பி.ஈ. விருது கிடைத்தது. இங்கிலாந்தின் லப்பரோ கல்லூரியில் உடற்கல்வி பயிலும் வாய்ப்பும் அமைந்தது. முப்பது வயதில், ஒலிம்பிக் பதக்கத்தோடு, மீண்டும் மாணவனாகப் புத்தகத்தைத் தூக்கினார். எனக்கென்னவோ அந்தப் பதக்கத்தைவிட இந்தச் செயலே பெரிதாகத் தோன்றுகிறது. நம் பிள்ளைகளில் ஒருவன் பெரும்பரிசு வென்றால், அடுத்த நாள் அவனைப் பள்ளிக்கு அனுப்பவே நமக்கு மனம் வருவதில்லையே!

1950 பெப்ரவரியில் நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரில் பேரரசு விளையாட்டு விழா மீண்டும் கூடியது. சிட்னிக்குப் பின் இடையில் பன்னிரண்டு ஆண்டுகள் அது நடக்கவில்லை. உலகத்தின் மறுகோடிக்கு மீண்டும் ஒரு பயணம். 440 யார் தடைதாண்டலில் 52.5 செக்கனில் ஓடி, தன் சொந்த மண்ணில் ஓடிய நியூசிலாந்து வீரர் ஜோன் ஹொலண்டைப் பின்தள்ளி, வைட் தங்கப் பதக்கம் பெற்றார். சிட்னியில் வெறுங்கையோடு திரும்பிய பத்தொன்பது வயது இளைஞன் முப்பத்திரண்டை எட்டும் வேளையில் முதலாவதாக வந்தான். விந்தை என்னவென்றால், இந்தத் தங்கத்தை இன்று நம் நாட்டில் நினைப்பவர் மிகச் சிலர். எல்லாரும் நினைப்பது லண்டனின் வெள்ளியைத்தான்.

கண்டி வட்டாரத்தில் வாழும் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் பேருந்தில் கடக்கும் இந்த மேடுபள்ளங்கள் பழைய நடையர் ஒருவரையும் அறியும். கோவாவிலிருந்து 1687இல் யாழ்ப்பாணம் வந்து, 1692இல் கண்டிக்கு வந்தபோது ஒற்றன் என்று சிறையிலிடப்பட்ட புனித யோசேப் வாஸ் அடிகளார், இந்தத் தீவின் காடுமலையெல்லாம் பல்லாண்டுகள் நடந்தே திரிந்தார். பார்வையாளர் இல்லை, நேரம் குறிப்பவர் இல்லை. 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியிலேயே அவருடைய நடை முடிந்தது. அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது 2015இல், முந்நூறு ஆண்டுகளுக்கும் பிறகு. இருவரையும் ஒப்பிடுவதற்காக இதைச் சொல்லவில்லை; ஒருவர் துறவி, மற்றவர் விளையாட்டு வீரர். ஒரே மலைச்சரிவுகள் இருவகைக் கால்களையும் தாங்கின என்பது என் மனதை விட்டு அகலாததால் சொன்னேன்.

இன்றைய ஓட்டவீரர்களின் நிலை வேறு. சம்பளம் வாங்கலாம், பரிசுப்பணம் உண்டு. ஆனால் அலைச்சல் குறையவில்லை. கோடைகாலம் முழுவதும் ஐரோப்பாவில் இந்த வாரம் ஒரு நகரம், அடுத்த வாரம் இன்னொரு நகரம். விமான நிலையங்களிலும் விடுதி அறைகளிலுமே நாள் கழியும். மொழி தெரியாத ஊரில் ஞாயிறு திருப்பலிக்கு ஆலயம் தேடி அலையும் பிள்ளைகளும் அவர்களில் இருப்பார்கள். தசை பிசகினால் வருமானம் நின்றுவிடும். உங்கள் வீட்டுப் பிள்ளை வெளிநாட்டில் வேலைக்குச் சென்றிருந்தால் இந்தத் தனிமை உங்களுக்குப் புதிதன்று. வைட் ஓடிய அதே ஓட்டத்தை நோர்வே நாட்டுக் கார்ஸ்டன் வார்ஹோம் 2021இல் தோக்கியோவில் 45.94 செக்கனில் ஓடி முடித்தார். ஓடுபாதை மாறிவிட்டது, பாதணி மாறிவிட்டது. மூன்று அடித் தடை மட்டும் மாறவில்லை. இதே தடைதாண்டலில் கேரளத்துப் பி.ரி. உஷா 1984இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்கினால் வெண்கலத்தை இழந்து நான்காவதாக வந்ததை நம் தமிழ் வீடுகள் இன்றும் பேசுகின்றன.

வைட்டுக்குப் பின் இலங்கைக்கு ஒலிம்பிக்கில் இன்னொரு பதக்கம் வரவேயில்லை. பத்து ஆண்டுகள், இருபது ஆண்டுகள், ஐம்பது ஆண்டுகள் கடந்தன. தனியொருவராக அந்தப் பட்டியலில் அவர் பெயர் மட்டும் நின்றது. அவர் நாட்டைவிட்டுப் போய் இங்கிலாந்தில் வாழ்ந்தார். 1998 ஜூலை 3ஆம் திகதி அங்கேயே மறைந்தார். எண்பது வயது நிறைந்திருந்தது. வெம்பிளி வெள்ளிக்குப் பொன்விழா காண இன்னும் நான்கு வாரங்களே இருந்தன.

இரண்டு ஆண்டுகள் சென்றபின், 2000ஆம் ஆண்டில், சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றர் ஓட்டத்தில் மூன்றாவதாக வந்து வெண்கலம் பெற்றார். நடந்த இடம் சிட்னி. 1938இல் வைட் வெறுங்கையோடு திரும்பிய அதே நகரம். ஐம்பத்திரண்டு ஆண்டுத் தனிமை முடிந்தது. அதைக் காண அவர் இல்லை. பின்னர் 2007இல், அந்த ஓட்டத்தில் முதலாவதாக வந்த அமெரிக்க வீராங்கனை மரியன் ஜோன்ஸ் தாம் ஊக்கமருந்து உட்கொண்டதை ஒப்புக்கொண்டார். அவருடைய பதக்கம் பறிக்கப்பட்டது. சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாயிற்று. ஆக, இலங்கையின் ஒலிம்பிக் பதக்கங்கள் இரண்டு, இரண்டுமே வெள்ளி. முதலாவதாக வருவதற்காக எதையும் செய்யலாம் என்று எண்ணியவர் இழந்து போனதையும், ஓடவேண்டியதை ஓடிவிட்டு வீடு திரும்பியவருக்கு ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்ததையும் எண்ணிப் பார்க்கிறேன்.

செபதேயுவின் மனைவியிடம் திரும்பி வருவதாகச் சொல்லியிருந்தேன். அவர் கேட்ட இடங்கள் அவருடைய பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. தாம் பருகும் கிண்ணத்தை அவர்களும் பருகுவார்கள். இடங்களைக் கொடுப்பதோ தந்தையின் செயல் என்று ஆண்டவர் சொல்லி அனுப்பினார். யாக்கோபு ஏரோதின் வாளுக்கு இரையானார். ஆனால் அந்தத் தாயைப் பற்றி மத்தேயு இன்னொரு செய்தியும் தருகிறார். கல்வாரியில் தொலைவில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெண்களுள் அவரும் ஒருவர். ஆண்டவரின் வலப்புறத்தில் யார் தொங்கினார், இடப்புறத்தில் யார் தொங்கினார் என்பதை அவர் தம் கண்ணால் கண்டார். தாம் கேட்டது எது என்பது அவருக்கு அன்றைக்கு விளங்கியிருக்குமா?

அடுத்த முறை நீங்கள் கண்டிக்குச் செல்ல நேர்ந்தால், ஏரியைச் சுற்றிப் பார்த்த பின், பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, அனுமதி பெற்று அந்தச் சிற்றாலயத்துக்குள் சென்று பாருங்கள். பெயின்டரின் சுவரில் அந்தத் தாய் இன்னும் கேட்டுக்கொண்டே நிற்கிறார். அதே ஆலயத்தில் அவர் வரைந்த இன்னொரு சித்திரமும் இருக்கிறது. அதில் ஆண்டவர் குனிந்து, நடந்து களைத்து வந்தவர்களின் கால்களைக் கழுவிக்கொண்டிருக்கிறார். முதலாவதாக வந்தவனின் கால் எது, கடைசியாக வந்தவனின் கால் எது என்று அந்தச் சித்திரத்தில் பிள்ளைகளால் காட்ட முடிகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.